இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த பாடமல்ல: சங்கரன்கோவில் வகுப்பறையும் நம் பிள்ளைகளின் கல்வியும்

கல்லூரியில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவை ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் அனுப்பிய பிடிஎஃப் கோப்புகள் வரிசையாக இருக்கும். சில, பாடநூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்தவை. சில, வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் குறிப்புகள். மீதி யூடியூப் இணைப்புகள். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதியது, திருத்தலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவற்றில் பதில் இருக்காது. தேர்வுக்கு முந்தைய வாரம் அதே கோப்புகளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. இரவில் உட்கார்ந்து தேடி, கிடைத்ததை மாணவர்களுக்கு அனுப்பும் ஆசிரியர் அக்கறையுள்ள ஆசிரியர்தான். ஆனால் அந்த அக்கறை ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப் குழுவோடு கரைந்து போகிறதே, அது நிலைத்து நிற்க வழியில்லையா என்பதுதான் நம் கேள்வி. வழி இருக்கிறது. உலகம் அதற்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்று பெயர் வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் கல்லூரி ஆசிரியர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் நம் பிள்ளைகளின் கல்வி அடங்கியிருக்கிறது.

பக்கத்து ஊர்க் கல்லூரி

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உருவானது. அதன் வடபகுதியில் விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர் சங்கரன்கோவில். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பேருந்து ஏறிப் படிக்க வருகிறார்கள். திருநெல்வேலி நகரம் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில். 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் அந்த நகரத்துக்கு வெளியே அபிஷேகப்பட்டியில் இருக்கின்றன. ஒரு மேற்கோள் நூலுக்காக அங்கே போய் வர ஒரு முழு நாள் வேண்டும்.

நம் குடும்பங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. "பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் அனுப்புகிறோம், தூரம் என்றால் வேண்டாம்" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்லும் வீடுகள் இன்றும் குறைவில்லை. இந்த மனநிலை மாற வேண்டும் என்பது தனிப் பேச்சு. மாறும் வரை, அந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் வகுப்பறையில் கிடைப்பதே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் உயர்கல்வி முழுவதும். நகரத்துப் பிள்ளைக்குக் கல்லூரி நூலகத்தில் இல்லாதது பொது நூலகத்திலோ புத்தகக் கடையிலோ தனிப்பயிற்சி மையத்திலோ கிடைத்துவிடும். சிற்றூர்ப் பிள்ளைக்கு ஆசிரியர் தருவதுதான் பாடம்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வி ஆய்வறிக்கையை நினைவுபடுத்துவது நல்லது. 2019-20-இல் நாடு முழுவதும் சுமார் 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2020-21-இல் 19.21 லட்சமாகக் குறைந்தது. மொத்த மாணவர்களில் அது 4.6 சதவீதம் மட்டுமே. தமிழ்நாடு அகில இந்திய நிலையைவிட எவ்வளவோ மேல். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22-இல் நாட்டுக்கு 28.4 ஆக இருந்தபோது இங்கே 47. ஆனால் சேர்ந்தால் மட்டும் போதுமா? சேர்ந்த பிள்ளை படித்ததைப் புரிந்துகொண்டு வெளியே வர வேண்டாமா?

இலவசம் வேறு, திறந்தது வேறு

பக்கத்து வீட்டார் ஒரு குடம் தண்ணீர் தந்தால் அது இலவசம். ஊர்ப் பொதுக் கிணறு அப்படியல்ல. அதில் யாரும் இறைக்கலாம், எடுத்துப்போய் எதற்கும் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நாளை யாரும் கதவைச் சாத்த முடியாது. இலவசப் பாடத்துக்கும் திறந்த பாடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

2001-இல் அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற சொல்லே பிறந்தது. அதே 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதற்கென ஒரு பரிந்துரையையே நிறைவேற்றி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் கொள்கை வகுக்கவும் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

ஒரு பாடம் திறந்தது என்றால் அதில் ஐந்து உரிமைகள் இருக்க வேண்டும் என்பார்கள். நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் பயன்படுத்தலாம். திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். வேறு பாடத்தோடு சேர்க்கலாம். பிறருக்கும் பகிரலாம். இந்த உரிமைகளை எழுத்தில் தருவதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். "என் பெயரைக் குறிப்பிட்டால் போதும்" என்பது ஒரு வகை. "திருத்தினால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும்" என்பது இன்னொன்று. "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு நிபந்தனை உண்டு. "மாற்றக் கூடாது" என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் திருத்தும் உரிமை இல்லாததால் அப்படிப்பட்ட பாடத்தை முழுத் திறந்த பாடமாகக் கொள்வதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். அவற்றின் பதிப்புரிமை அரசிடமே இருக்கிறது. யூடியூப் காணொலிகள் பெரும்பாலும் பார்ப்பதற்கு இலவசம், எடுத்துத் திருத்துவதற்கு அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று குறித்த காணொலிகள் மட்டுமே விதிவிலக்கு. இந்த வேறுபாட்டை அறிந்த ஆசிரியர், ஒரு பாடத்தைக் கண்டதும் முதலில் அதன் அடியில் உள்ள உரிம வரியைப் படிப்பார்.

கையெட்டும் தூரத்தில் இருப்பவை

நம் நாட்டில் வளங்களுக்குப் பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் பொறியியல், அறிவியல், மேலாண்மை விரிவுரைகளைத் தருகிறது. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் கலை, வணிகப் பாடங்களும் உண்டு. படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2021-இன் யுஜிசி விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். முதுகலைப் பாடங்களுக்கு இ-பிஜி பாடசாலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் என்று பட்டியல் நீளும்.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தனியாகச் சொல்லத்தக்கது. லிப்ரே ஆபீஸ், பைத்தான், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஏறத்தாழ பத்து நிமிடக் காணொலிகளாகக் கற்றுத்தருகிறது. தமிழ்க் குரலிலும் பல பாடங்கள் உண்டு. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாத கணினி அறையிலும் ஓட்டலாம். உரிமமும் திறந்ததே. விலை கொடுத்து வாங்க முடியாத மென்பொருளின் திருட்டு நகலை நிறுவிப் பாடம் நடத்தும் கட்டாயம் இதனால் எந்தக் கல்லூரிக்கும் இல்லை.

வெளிநாட்டில், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓபன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் இயற்பியல், உயிரியல், பொருளியல், கணக்கியல் பாடநூல்களை முழுமையாகத் தருகிறது. தமிழ் இலக்கியத்துக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் தளமும் இருக்கின்றன.

பிறகு ஏன் வாட்ஸ்அப் பிடிஎஃப்?

இவ்வளவு இருந்தும் ஆசிரியர் ஏன் படமெடுத்த பக்கங்களை அனுப்புகிறார்? முதல் காரணம் மொழி. மேலே சொன்ன பல்கலைக்கழகப் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த மாணவிக்கு ஐஐடி பேராசிரியரின் ஒரு மணி நேர ஆங்கில விரிவுரையை அனுப்பி வைத்தால், பத்து நிமிடத்தில் அதை மூடிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது, பாடத்திட்டம். தேர்வுக்கு வருவது பல்கலைக்கழகத்தின் ஐந்து அலகுகள். வெளியில் உள்ள பாடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்த அலகுகளோடு வரிக்கு வரி பொருந்தாது. பொருத்தித் தரும் வேலை ஆசிரியருடையது. அதற்கு நேரம் வேண்டும்.

மூன்றாவது, அந்த நேரத்துக்கு மதிப்பில்லை. 2018 யுஜிசி விதிகளில் மின்பாடம் உருவாக்கும் ஆசிரியருக்குப் புள்ளிகள் உண்டு. ஆனால் புள்ளிகள் பதவி உயர்வை எதிர்நோக்கும் நிரந்தர ஆசிரியருக்கே உதவும். கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கும் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே கவலை. அவர்களிடம் போய் "பொதுநலத்துக்குப் பாடம் எழுதுங்கள்" என்று வெறுங்கையோடு சொல்வது நியாயமாகாது.

நான்காவது, சட்ட அச்சம். இதில் ஒரு தெளிவு தேவை. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. ஆசிரியர்கள் பரிந்துரைத்த பகுதிகளை நகலெடுத்து மாணவர்களுக்குத் தொகுப்பாக விற்றதுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது என்பதே அடிப்படை. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பாடத்தேவைக்கு ஏற்ற அளவில்தான் நகலெடுக்கப்பட்டதா என்பதை மட்டும் விசாரிக்கச் சொல்லி, அந்தக் கொள்கையை உறுதி செய்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன.

ஆகவே வகுப்புக்காகத் தேவையான பகுதியைத் தொகுத்துக் கொடுக்கும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முழு நூலையும் இணையத்தில் ஊருக்கெல்லாம் ஏற்றி வைப்பதற்கான அனுமதியாக இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நூலைத் திருத்தவும் தமிழாக்கி வெளியிடவும் அது உரிமை தரவில்லை. அந்த உரிமை வேண்டுமென்றால் திறந்த பாடத்துக்குத்தான் போக வேண்டும்.

அரசு வாங்கித் தரும் சந்தா போதாதா?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் முதல் கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு இடமில்லை. நம் பிள்ளைகளில் பலர் படிப்பது அவற்றில்தான். மேலும், அவை ஆங்கில ஆய்விதழ்கள். முதலாமாண்டு பி.காம் மாணவிக்குத் தேவைப்படும் பாடம் அவற்றில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தா என்பது குடத்துத் தண்ணீர். பணம் கட்டும் வரைதான் வரும்.

ஐந்து ஆசிரியர்கள், ஐந்து அலகுகள்

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் திறந்த பாடத்தைத் தேடி எடுப்பவர்களாக மட்டும் இருந்தால் போதாது. தமிழில் அதை உருவாக்குபவர்களாகவும் ஆக வேண்டும். ஏனெனில் சங்கரன்கோவில் மாணவிக்குத் தேவையான பாடத்தை எம்ஐடியோ ஐஐடியோ எழுதித் தரப்போவதில்லை.

இது பெரிய கனவு போலத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த, தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் ஒன்றுதான். அதே தாளுக்கு அதே ஐந்து அலகுகளை அத்தனை கல்லூரிகளிலும் அத்தனை ஆசிரியர்களும் தனித்தனியே தயாரிக்கிறார்கள். ஐந்து கல்லூரிகளிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் ஆளுக்கு ஓர் அலகை எடுத்துக்கொண்டால், ஒரே பருவத்தில் ஒரு தாள் முழுவதும் தமிழில் ஆயத்தம். "பெயரைக் குறிப்பிட்டு, இதே உரிமத்தில் பகிரலாம்" என்று ஒரு வரி சேர்த்து வெளியிட்டால், அடுத்த ஆண்டு ஆறாவது ஆசிரியர் அதில் ஒரு பிழையைத் திருத்துவார். ஏழாமவர் பயிற்சிக் கணக்குகள் சேர்ப்பார். ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போனாலும் பாடம் இங்கேயே இருக்கும்.

வெறும் காகிதத்திலிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. திருத்த அனுமதிக்கும் ஒரு திறந்த பொருளியல் நூலின் அத்தியாயத்தை எடுத்துத் தமிழாக்கலாம். அதிலுள்ள அமெரிக்கப் பண்ணை உதாரணத்தை நீக்கிவிட்டு, முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறுவதையும் மறுநாள் இறங்குவதையும் வைத்துத் தேவை, அளிப்பு விதியை விளக்கலாம். அடக்கவிலைக் கணக்கியலுக்கு விசைத்தறிக் கூடத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எது? நூல் விலை, கூலி, மின்கட்டணம் எல்லாம் அந்த மாணவி வீட்டில் அன்றாடம் கேட்கும் பேச்சு.

எழக்கூடிய சந்தேகங்கள்

யார் வேண்டுமானாலும் எழுதினால் தரம் என்னாவது? நியாயமான கேள்வி. எழுதிய ஆசிரியரின் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும், இன்னோர் ஆசிரியர் படித்துப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். பெயரே இல்லாமல் சுற்றும் இன்றைய பிடிஎஃப்களைவிட அது எவ்வளவோ நம்பகமானது.

இப்போது கணினியே மொழிபெயர்த்துத் தருகிறதே? தருகிறது. முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் கலைச்சொல் சரியா, வாக்கியம் மாணவிக்குப் புரியுமா என்பதை அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

எல்லாம் இணையத்தில் இருந்தால் ஆசிரியர் எதற்கு என்பது இன்னொரு பயம். கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புகள் நடந்தபோது, ஆசிரியர் முகம் பார்க்காமல் நம் பிள்ளைகள் எப்படித் தவித்தார்கள் என்பதைப் பார்த்த பெற்றோருக்கு இதற்குப் பதில் தெரியும். திறந்த பாடம் ஆசிரியரின் இடத்தைப் பிடிக்க வந்ததல்ல. குறிப்பை வாசித்து எழுத வைக்கும் வேலையிலிருந்து அவரை விடுவித்து, விளக்கவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் அவருக்கு நேரம் தருவது.

நம் பங்கு என்ன?

கல்லூரி நிர்வாகங்கள், திறந்த பாடம் எழுதும் ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு வகுப்புகளையாவது குறைத்துக் கொடுக்கலாம். கௌரவ விரிவுரையாளர் எழுதினால் ஓர் ஊக்கத்தொகையும் பெயரிட்ட சான்றும் தரலாம். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற, அனுபவமும் தன்னாட்சியும் பெற்ற நம் நிறுவனங்கள் இதில் முன்கை எடுத்தால், சிறிய ஊர்க் கல்லூரிகள் பின்தொடர்வது எளிதாகும்.

முன்னாள் மாணவர்கள் வளைகுடாவிலிருந்து கல்லூரிக்கு உதவ விரும்பும்போது கட்டடமும் நாற்காலியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு தாளை முழுமையாகத் தமிழில் எழுதி வெளியிட ஆகும் செலவு ஒரு வகுப்பறை கட்டும் செலவில் சிறு பகுதிதான். ஜமாஅத்துகள் மாலை நேரத்தில் பிள்ளைகள் அமர்ந்து படிக்க இரண்டு கணினிகள், இணைய வசதி, ஓர் அச்சுப்பொறி கொண்ட ஓர் அறையை ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஒதுக்கலாம்.

பெற்றோராகிய நாம் செய்ய வேண்டியது, கேட்பது. கல்லூரிப் பெற்றோர் கூட்டத்தில் வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கேட்கிறோம். "எங்கள் பிள்ளைக்குத் தமிழில் என்ன பாடநூல் இருக்கிறது? இல்லையென்றால் யார் எழுதப்போகிறீர்கள்? அதற்கு நாங்கள் என்ன உதவி செய்யலாம்?" என்றும் கேட்போம்.

வக்ஃபு என்றால் என்னவென்று நம் சமுதாயத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, விற்க முடியாது, பலன் மட்டும் மக்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓர் ஆசிரியர் தன் பாடத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது ஏறத்தாழ அதைப் போன்றதே. அந்த உரிமத்தையும் கொடுத்த பின் திரும்பப் பெற முடியாது. ஸதகத்துல் ஜாரியா என்றால் கிணறும் மரமும் பள்ளிவாசலும் நம் நினைவுக்கு வருகின்றன. பயன்தரும் கல்வியும் அந்த வரிசையில் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது சங்கரன்கோவிலில் ஏதேனும் ஒரு துறையில், ஏதேனும் ஒரு தாளுக்கு, ஆசிரியர் பெயரோடும் உரிம வரியோடும் தமிழில் ஒரு பாடம் மாணவிகளின் கைக்கு வரட்டும். ஒன்று வந்துவிட்டால் மற்றவை பின்னால் வரும், இன்ஷா அல்லாஹ்.